பழைய கார் வேலைக்கு வந்த பிள்ளைக்கு

கண்ணு, தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் புதுப்பிக்கப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துபோனது. "என்ன கலர் அடிக்கலாம்?" என்பதுதான் உன் முதல் கேள்வி. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஆசை அங்கேதானே இருக்கிறது! கலரைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. டிங்கரிங்கிலும் பெயிண்டிங்கிலுமே என் காலம் போயிற்று. எங்கள் பட்டறையில் நடந்த தவறுகளும், வேறு இடங்களில் நடந்து எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த தவறுகளும் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். நிதானமாகப் படி.

1. ஸ்பானரை எடுக்கும் முன் வண்டியைத் தெரிந்துகொள். உன் ஹெரால்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் நம் மெட்ராஸுக்குப் பக்கத்தில், வண்டலூரில் தயாரானது. இங்கிலாந்தில் ட்ரையம்ஃபுக்கு முழு பாடியையும் செய்து கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டதால், பாடியைத் தனித்தனிப் பகுதிகளாகச் செய்து சேஸிஸின் மேல் போல்ட் போட்டுப் பூட்டும்படி அந்த வண்டியை வடிவமைத்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வந்த நெருக்கடி இன்றைக்கு உனக்கு வரம். வேண்டிய பகுதியை மட்டும் கழற்றி மேசையில் வைத்து வேலை பார்க்கலாம். ஆனால் அதிலேயே ஒரு வம்பும் உண்டு. போல்ட்டுக்கு அடியில் மெல்லிய பேக்கிங் தகடுகள் இருக்கும். அவற்றை வைத்துத்தான் கதவும் பானட்டும் இழைந்து உட்காரும்படி சரி செய்திருப்பார்கள். எந்த போல்ட்டில் எத்தனை தகடு இருந்தது என்று எழுதி வைக்காமல் கழற்றினால், பிறகு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதுதான். கழற்றும் முன் ஒவ்வொரு இடைவெளியையும் அளந்து எழுது. போட்டோ எடு. போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு ஒட்டு.

2. உனக்கு முன்னால் அந்த வண்டியைத் தொட்டவர்களைப் படி. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாய், புது வண்டி உள்ளே வந்தால் முதலில் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொள்வார். மட்கார்டிலிருந்து தொடங்கிக் கதவு, ரன்னிங் போர்டு, டிக்கி என்று மெதுவாக இழுத்துக்கொண்டே போவார். காந்தம் இறுக்கமாகப் பிடித்தால் தகடு. பிடி தளர்ந்தால் அங்கே பட்டி கனமாக இருக்கிறது. வழுக்கி விழுந்தால் அங்கே தகடே இல்லை. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். சுற்றி முடிக்கும்போது வண்டியின் கதை முழுவதும் சாக்பீஸில் எழுதியிருக்கும். எந்தப் பக்கம் மோதியது, எவன் அவசரப்பட்டான், எவன் பொறுமையாகச் செய்தான், எல்லாமே தெரியும். பிறகு ஒரு ஓரத்தில் வாட்டர் பேப்பரால் பெயிண்டைத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சாக உள்ளே போவார். அப்போது அவர் சொல்வார்: "நாளைக்கு உன் வேலையையும் ஒருத்தன் இப்படித் தேய்ச்சுப் பார்ப்பான்." வண்டிக்காரர் பார்ப்பது மேல் பளபளப்பை. உன்னை உள்ளபடி அறியப்போகிறவன், இருபது வருஷம் கழித்து அந்தக் கதவைத் திறக்கும் இன்னொரு டிங்கர். அவனுக்குப் பதில் சொல்லும்படி வேலை செய். இனி நான் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

3. துருவோடு சமரசம் செய்துகொள்ளாதே. இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே பேசுவேன். பெயிண்டின் மேல் சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால், உள்ளே அதைப்போலப் பல மடங்கு துரு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். இரும்பு துருப்பிடிக்கும்போது பருக்கும்; பருத்து மேலே இருக்கிற பெயிண்டைத் தூக்கும். அதைச் சுரண்டிவிட்டுப் பட்டி தடவி மூடினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அடுத்ததில் வெடிக்கும். நல்ல தகடு கண்ணுக்குத் தெரியும்வரை வெட்டு. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்த்து, டங்கென்று சத்தம் வருகிற இடத்தில் நிறுத்து. அதே கனத்தில் புதுத் தகடு வெட்டி, ஓரத்தோடு ஓரம் பொருத்திப் பற்றவை. பழைய ஓட்டையின் மேல் ஒரு தகட்டை வைத்து ஒட்டுப்போடுகிற பழக்கம் வேண்டாம். இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் போய் நிற்கும். துருவுக்கு நீயே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

துரு எங்கிருந்து வந்தது என்றும் கேள். உன் வண்டியில் கதவுகளின் அடிப்பகுதியை முதலில் பார். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறக் கதவுக்கு அடியில் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கிக் கதவை உள்ளிருந்து தின்றுவிடும். அந்தத் துளைகளைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு கம்பியால் குத்திவிடுவது ஒரு நிமிஷ வேலை. பெயிண்ட் அடித்தவர்களே அந்தத் துளைகளையும் சேர்த்து மூடிவிட்ட கதவுகள் எங்கள் பட்டறைக்கு வந்திருக்கின்றன. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது முழுகிய வண்டிகளிலும் இதே கதைதான். வெளியே கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியாக மூடியிருக்கும் ரன்னிங் போர்டுக்குள்ளும் தரைத்தகட்டு மடிப்பிலும் சேறு அப்படியே இருந்தது. சில வருஷம் கழித்து ஜாக்கி வைத்துத் தூக்கியபோது தகடு உள்ளே போயிற்று. கடற்கரை ஊர் வண்டியானால் உப்புக்காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள். ஆகவே பற்றவைத்து முடித்ததும், கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்துக்கு மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயை நீளக் குழாய் வைத்து அடி. அதை யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் பலரும் செய்வதில்லை.

4. தாங்கு கொடுக்காமல் வெட்டாதே. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் இருப்பதால் அதன் ரன்னிங் போர்டைக் கழற்றினாலும் வண்டி நின்றுகொள்ளும். இதைப் பார்த்துப் பழகிய தைரியத்தில் அம்பாசிடருக்கோ பழைய ஃபியட்டுக்கோ போய் அதே வேலையைச் செய்துவிடாதே. அவற்றில் பாடியே சேஸிஸ். ரன்னிங் போர்டுதான் முதுகெலும்பு. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் அம்பாசிடருக்கு ஒரே நாளில் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டார்கள். நடுவில் வண்டி தொய்ந்துவிட்டது. புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த பிறகு பார்த்தால் நான்கு கதவில் ஒன்றுகூட மூடவில்லை. கதவு நிலைக்குள் குறுக்குக் கம்பி பற்றவைத்து, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். கதவை மாட்டி மூடிப் பார்த்துக்கொண்டே பற்றவைக்க வேண்டும்.

5. அடிக்கக் கற்பதற்கு முன் தடவக் கற்றுக்கொள். ஒடுக்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் கண் சரியாகச் சொல்லாது, உள்ளங்கை சொல்லும். பாய் கண்ணை மூடிக்கொண்டு, கையில் ஒரு பழைய பனியன் துணியைப் போட்டு, மட்கார்டை முழு நீளத்துக்கும் தடவுவார். துணி இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், மேடுபள்ளம் மட்டும் தெரியும். செய்து பார். ஒரு வாரத்தில் உன் கைக்கும் பேச வரும். அப்புறம் டாலி என்கிற இரும்புக் கட்டையை உள்ளே பிடித்து, வெளியே சின்னச் சின்ன அடியாக அடி. ஒடுக்கு எந்த வரிசையில் விழுந்ததோ அதற்கு நேர் எதிர் வரிசையில் எடுக்க வேண்டும். கடைசியாக மடிந்தது முதலில் நிமிர வேண்டும். பலமாக ஒரே அடியில் எடுத்துவிடலாம் என்று நினைத்தால் தகடு நீண்டுவிடும். நீண்ட தகடு என்ன செய்யும் தெரியுமா? எவர்சில்வர் டப்பாவின் மூடியை அமுக்கினால் டொக்கென்று உள்ளே போய், விட்டால் டொக்கென்று வெளியே வருமே, அதே மாதிரி ஆடும். பிறகு அந்த இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஈரத்துணி வைத்துச் சுருக்கி அடக்க வேண்டியிருக்கும். செய்யலாம், ஆனால் அது தேர்ந்த கைகளுக்கான வேலை. பதறாத காரியம் சிதறாது என்பது இந்தத் தகட்டுக்குச் சொன்னதுதானோ என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. கோபமாக இருக்கும் நாளில் சுத்தியலைத் தொடாதே. அன்றைக்குப் போல்ட் கழுவு, இடத்தைப் பெருக்கு.

6. பட்டி போடுவதில் கேவலம் எதுவும் இல்லை. "என் வண்டியில் பட்டியே இல்லை" என்று சிலர் பெருமை பேசுவார்கள், கேட்டுக்கொண்டு போய்விடு. அந்தக் காலத்தில் கம்பெனிகளிலேயே பாடியின் இணைப்புகளை ஈயம் உருக்கித் தடவி நிரவியிருக்கிறார்கள். பட்டி என்பது சுத்தியலால் எடுக்க முடியாத கடைசி மெல்லிய வித்தியாசத்தை நிரவத்தான். தேய்த்து முடித்த பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நிற்கக் கூடாது; அதற்கு மேல் தேவைப்பட்டால் டாலியை மறுபடி எடு. பட்டியை இறுக்கும் ஹார்டனரைக் கண்மதிப்பில் பிழிந்து விடாதே. 100 கிராம் பட்டிக்கு ஏறக்குறைய 2 கிராம் போதும். கோடை வெயிலில் சீக்கிரம் இறுகும் என்பதால் கொஞ்சமாகவே கலக்கு. சீக்கிரம் காயட்டும் என்று அதிகம் போட்டால் மேல் பெயிண்டில் கறையாக ஊறி வெளியே வரும். இன்னொன்று: வெறும் பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்காதே. அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு தகட்டிடம் கொடுத்துவிடும்.

7. தேய்ப்பதில்தான் மனுஷன் தெரிவான். வெல்டிங்கில் சூடு இருக்கிறது, ஸ்ப்ரேயில் அழகு இருக்கிறது. தேய்ப்பதில் எதுவும் இல்லை, தோள்வலிதான் இருக்கிறது. அதனால் எல்லோரும் இங்கேதான் குறுக்குவழி தேடுவார்கள். வெறும் விரலால் பேப்பரைப் பிடித்துத் தேய்த்தால் விரலுக்கு விரல் பள்ளம் விழும். நீளமான கட்டையில் பேப்பரைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்வாக இழு. பிரைமரின் மேல் கறுப்பு ஸ்ப்ரேயை லேசாகப் பனித்தூறலாகத் தூவிவிட்டுத் தேய்த்துப் பார். பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்கும். மேட்டில் பிரைமரே போய்த் தகடு தெரியும். கறுப்பு முழுவதும் ஒரே சீராகப் போகும்வரை நீ முடித்துவிட்டதாக நினைக்காதே. 80-ஆம் நம்பர் பேப்பரில் தொடங்கியவன் 180, 320 என்று படிப்படியாக ஏற வேண்டும். படியைத் தாண்டிக் குதித்தால் முதல் பேப்பரின் கீறல், பெயிண்ட் காய்ந்து அடங்கிய பிறகு வெயிலில் கோடுகோடாக எழுந்து வரும். ஆசையாக வேலைக்கு வந்த எத்தனையோ பிள்ளைகள் இந்தக் கட்டத்தில்தான் நின்றுபோனார்கள். தேய்ப்பதைத் தாங்கினவர்களே தொழிலில் நிலைத்தார்கள்.

8. வானத்தைப் பார்த்து வேலை வை. பெயிண்ட் உரித்த தகட்டை ஒரு ராத்திரிகூடச் சும்மா விடாதே. கை பட்ட இடமெல்லாம் காலையில் விரல் ரேகையோடு துருப்பிடித்திருக்கும். உரித்த அன்றே எபாக்சி பிரைமர் போட்டுவிடு. சாதாரண பிரைமரோடு வண்டியை மாதக்கணக்கில் வெளியே நிறுத்தி வைப்பதும் தப்பு. அது ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயிண்ட் அடிக்கவே வேண்டாம். பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டாக இருந்தால், தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து, கறுப்பு வண்டிகூடப் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துவிடும். தை பிறந்த பிறகு நல்ல வெயில் வரும். காத்திரு.

9. இனி உன் கேள்விக்கு வருகிறேன். வண்டி பிறந்த கலரைத் தேடு. வெளியே எத்தனை முறை மாற்றி அடித்திருந்தாலும், டேஷ்போர்டுக்கு அடியிலும், கதவு பீடிங்குக்குப் பின்னாலும், டிக்கியின் உள் மடிப்பிலும் பழைய கலர் வெயில் படாமல் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த இடத்தை மெதுவாக மெருகேற்றி, அதை வைத்துக் கலர் கலக்கச் சொல். கலந்ததை ஒரு தனித் தகட்டில் அடித்துக் காயவைத்து, வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை வைத்துப் பார். டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாதே.

எந்தப் பெயிண்ட் என்பதிலும் ஒரு யோசனை சொல்கிறேன். நம் பெரியவர்கள் இன்றும் 'டூகோ' என்கிறார்களே, அது அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1923-இல் கொண்டுவந்த பெயிண்டின் பெயர். வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த வண்டிகளைச் சீக்கிரம் காயவைத்துத் தொழிலையே மாற்றியது அந்த என்.சி. பெயிண்ட். அதன் மெருகு மென்மையானது, பழைய வண்டிக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் அடிக்கடி பாலிஷ் கேட்கும், வெயிலில் மங்கும். இப்போதைய பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் உறுதியானது, பல வருஷம் உழைக்கும். தினமும் ஓட்டப் போகிற வண்டி என்றால் பி.யூ. என்பதே என் தீர்ப்பு. பழைய பெயிண்டின் மேலேயே அடிப்பதானால், தின்னர் நனைத்த துணியை ஒரு மூலையில் வைத்துப் பார். பழையது கரைந்து வந்தால், அதன் மேல் பி.யூ. அடிக்கும்போது சுருண்டு எழும்; முழுவதும் உரித்துவிடுவதே நல்லது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் கலரை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசிலும் பதிய வேண்டும். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். ஆனால் சேஸிஸையும் பாடியையும் எஞ்சினையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டவும் முடியாது. எது வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடு.

10. உன் மூச்சைக் காப்பாற்றிக்கொள். கண்ணு, மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. பி.யூ. பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் உடம்பு அதற்குப் பகையாகிவிடலாம். ஒருமுறை பகையானால், பிறகு கொஞ்சம் பட்டாலே இளைப்பு வரும், அந்த ஆள் ஆயுசுக்கும் அந்த வேலையைச் செய்ய முடியாது. கெடுதல் செய்யும் அளவு இருந்தாலும் மூக்குக்கு வாசனையே தெரியாது. மூக்கில் கைக்குட்டை கட்டுவதும் தூசி மாஸ்க்கும் இதற்கு ஒன்றுமே செய்யாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க் வேண்டும். அது இல்லையென்றால் பெயிண்ட் அடிக்கும் வேலையை வசதியுள்ள பூத்தில் கொடுத்துவிடு. இதில் வெட்கம் இல்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும்; அதைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசி பறக்கவிடாதே, கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதே. எனக்குச் சொல்லிக்கொடுத்த தலைமுறையில் பொன்னான கைகள் இருந்தன. அவர்களில் பலர் அறுபதைத் தாண்டும் முன்னே மாடிப்படி ஏற முடியாமல் போனார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்லிவிட்டேன்.

11. ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கும் நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் செய்தது ஒழுங்காக இருந்தால் அது சுலபம். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கு. ஒரு ஜாண் தூரத்தில் கன்னைப் பிடித்து, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதைப் பாதி மூடும்படி ஒரே வேகத்தில் நட. மெல்லிய பூச்சாக அடித்து, நடுவில் பத்துப் பதினைந்து நிமிஷம் விடு. பெயிண்ட் ஓரிடத்தில் வழிந்துவிட்டால் விரலால் தொடாதே, துடைக்காதே. முழுவதும் காய்ந்த பிறகு 1500, 2000 பேப்பரில் தேய்த்துக் கம்பவுண்ட் போட்டால் போய்விடும்.

12. செய்ததை எழுதி வை. எங்கே வெட்டினாய், எந்த இடத்தில் பட்டி போட்டாய், என்ன பிரைமர், கலர் என்ன விகிதம் என்று ஒரு நோட்டில் எழுதி வண்டியின் காகிதங்களோடு வை. நாளைக்கு வேறு யாருக்காவது வேலை செய்து கொடுத்தாலும், முடியாததை முடியும் என்று சொல்லாதே; எத்தனை நாள் ஆகும் என்று உண்மையைச் சொல், கூடவே அந்த நோட்டையும் கொடு. வண்டி கை மாறும். நோட்டு அதோடு போகட்டும்.

13. கடைசியாக, உன் ஊரிலேயே ஒரு பழைய டிங்கரைத் தேடிப் போ. மட்கார்டைக் கையாலேயே தகட்டில் தட்டி உருவாக்கத் தெரிந்தவர்கள், ஈயம் வைத்து இணைப்பை நிரவத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போதைய பட்டறைகளில் புதுப் பகுதியை வாங்கி மாட்டுவதுதான் வேலை. அந்தப் பழைய டிங்கர்களின் கைவித்தையை யாரும் கேட்பதில்லை. நீ கேள். அவர்கள் சொல்லும் கூலியில் பேரம் பேசாதே. கூட நின்று சுத்தியலை எடுத்துக் கொடு, டாலியைப் பிடி, எப்படி என்று கேள், சொல்லிக்கொடுப்பார்கள். ஹெரால்டின் இடதுபக்கக் கதவை முதலில் கழற்றி அவரிடம் எடுத்துக்கொண்டு போ. அந்த ஒரு கதவை முழுதாக முடி. முடிந்ததும் எனக்கு எழுது.